கழிவைச் சிதைக்கும் கூட்டுயிர்கள்: நுண்ணுயிர்ச் சமூகங்களும் சுற்றுச்சூழல் உயிர்த்தொழில்நுட்பமும்

நகரங்களின் கழிவுநீரைத் தூய்மையாக்குதல், ஆலைக் கழிவிலிருந்து எரிவாயு பெறுதல், நிலத்தடிநீரில் இறங்கிய நச்சுக் கரைப்பான்களையும் கடலில் கொட்டிய எண்ணெயையும் சிதைத்தல் ஆகிய பணிகளுக்கு உயிர்களின் வேதித்திறனைப் பயன்படுத்தும் துறை சுற்றுச்சூழல் உயிர்த்தொழில்நுட்பம் எனப்படுகிறது. மருந்துத் தொழிலில் தேர்ந்தெடுத்த ஒரே நுண்ணுயிரைத் தனியே பிரித்து, கிருமிநீக்கம் செய்த கலனில், வேறெந்த உயிரும் நுழையாதபடி காத்து வளர்ப்பது வழக்கம். நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான லிட்டர் கழிவுநீர் வந்து சேரும் திறந்த தொட்டியில் அத்தகைய காவல் இயலாது. அங்கே மலம், மண், மழைநீர், காற்று ஆகியவற்றோடு வந்துசேரும் ஆயிரக்கணக்கான இனங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டும் ஒன்றையொன்று சார்ந்தும் வாழ்கின்றன. ஒரே இடத்தில் இவ்வாறு உறவுகொண்டு வாழும் பல இன நுண்ணுயிர்களின் தொகுதியே நுண்ணுயிர்ச் சமூகம் ஆகும். கழிவைச் சிதைக்கும் வேலையைச் செய்வது இந்தச் சமூகமே என்பதும், மனிதரால் செய்யக்கூடியது அது நிலைத்து வாழும் சூழலை அமைத்துத் தருவதே என்பதும் இத்துறையின் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு திரும்பத் திரும்ப நிறுவியிருக்கும் உண்மை.

மான்செஸ்டரில் தொடங்கிய முறை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், கழிவுநீர் மண்ணில் ஊறும்போது தூய்மையடைவது வெறும் வேதிவினை என்றே பலரும் கருதினர். பிரான்சில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்னும் இருவர் 1877-ல் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயின் வழியே கழிவுநீரை மெதுவாகச் செலுத்தினர். முதல் இருபது நாட்கள்வரை அம்மோனியா மாற்றமின்றி வெளிவந்தது. அதன்பின் அது நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது. உயிர்களைச் செயலிழக்கச் செய்யும் குளோரோஃபார்ம் ஆவியைக் குழாய்க்குள் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றுபோனது. மணலில் உயிர்கள் குடியேறிப் பெருகுவதற்கு ஆன காலமே அந்த இருபது நாட்கள் என்பதும், மாற்றத்தை நிகழ்த்தியவை உயிர்களே என்பதும் இதனால் தெளிவாயின.

இந்த அறிவு நகரங்களுக்குப் பயன்படும் தொழில்நுட்பமாக உருப்பெற்றது இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில். கில்பர்ட் ஃபௌலர் என்னும் வேதியியலாளர் 1912-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள லாரன்ஸ் ஆய்வு நிலையத்தில் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் சோதனைகளைக் கண்டு திரும்பினார். அவருடைய தூண்டுதலால் டேவிஹியூம் கழிவுநீர் நிலையத்தில் எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் ஆகிய இருவரும் புட்டிகளில் கழிவுநீரை நிரப்பிக் காற்று ஊதினர். அம்மோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாற ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆயின. அதுவரை பிறர் செய்துவந்ததுபோல் அடியில் படிந்த கசட்டைக் கொட்டிவிடாமல், தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, அதே கசட்டின் மீது புதிய கழிவுநீரை ஊற்றி அவர்கள் மீண்டும் காற்று ஊதினர். பாலைத் தயிராக்க முந்தைய நாள் தயிரில் சிறிது உறையூற்றுவதைப் போல, முந்தைய சுற்றில் பெருகிய உயிர்கள் அடுத்த சுற்றின் வேலையை விரைவுபடுத்தின. சுற்றுகள் செல்லச் செல்ல ஐந்து வார வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. 1914 ஏப்ரலில் வெளியிடப்பட்ட இந்த முறை ‘செயலூட்டப்பட்ட கசடு முறை’ எனப் பெயர் பெற்று, இன்றும் உலக நகரங்கள் மிகப் பரவலாகக் கையாளும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு முறையாக விளங்குகிறது.

இக்கண்டுபிடிப்பில் புதிய நுண்ணுயிர் எதுவும் சேர்க்கப்படவில்லை. கழிவுநீரோடு வந்த உயிர்களைத் தொட்டியை விட்டு வெளியேறாமல் தக்கவைத்தது ஒன்றே செய்யப்பட்டது. நீர் தொட்டியில் சில மணி நேரமே தங்குகிறது. கசடோ மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்பப்பட்டுப் பல நாட்கள் தங்குகிறது. கசடு சராசரியாகத் தங்கும் இந்தக் காலத்தைப் பொறியாளர்கள் ‘கசடு வயது’ என்பர். எந்த உயிர்கள் சமூகத்தில் இடம்பெறும், எவை அடித்துச் செல்லப்படும் என்பதைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணி இதுவே.

கசடுத் திரளின் உள்ளே

செயலூட்டப்பட்ட கசட்டின் ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்தால் பழுப்பு நிறமான ஒழுங்கற்ற சிறு திரள்கள் தென்படும். பாக்டீரியாக்கள் தாமே சுரக்கும் பசைத்தன்மையுள்ள சர்க்கரை, புரதப் பொருள்களால் ஒட்டிக்கொண்டு இத்திரள்களை உருவாக்குகின்றன. ஒட்டும் பாக்டீரியாவுக்கு நன்மை உண்டு: தனித்து மிதப்பது நீரோடு வெளியேறிவிடும், திரளில் சேர்ந்தது கனத்தால் அடியில் படிந்து, மீண்டும் தொட்டிக்குத் திரும்பும். திரளின் வெளிப்புறத்தில் ஆக்சிஜன் நிறைந்தும் உட்புறத்தில் அது தீர்ந்தும் இருப்பதால், அரை மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத இடத்தில் காற்றை வேண்டும் உயிர்களும் அதை வேண்டாத உயிர்களும் அருகருகே வாழ்கின்றன.

இத்திரள்களில் நூல்போல் நீளும் இழை பாக்டீரியாக்கள் அளவோடு இருந்தால் திரளுக்குச் சட்டகமாக நின்று வலுவூட்டும். உணவு குறைந்தோ ஆக்சிஜன் குறைந்தோ இருக்கும்போது அவை மிகுந்துவிட்டால், திரள்கள் ஒன்றையொன்று தள்ளிநின்று படிய மறுக்க, கசடு தெளிந்த நீரோடு கலந்து வெளியேறும். ‘கசடு உப்புதல்’ எனப்படும் இக்கோளாறு வந்த நிலையத்தில் தீமை செய்யும் புதிய கிருமி எதுவும் புகுந்திருக்க வேண்டியதில்லை. எப்போதும் உடனிருக்கும் உறுப்பினரின் விகிதம் மாறியதே போதும்.

பாக்டீரியாக்களை உண்டு வாழும் ஒருசெல் உயிர்களான புரோட்டோசோவாக்களும் இச்சமூகத்தின் உறுப்பினரே. இவற்றைப் பற்றிய ஆய்வில் இந்தியாவுக்குத் தனியிடம் உண்டு. மான்செஸ்டர் சோதனைகளுக்கு வழிவகுத்த ஃபௌலர் பின்னர் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார். கழிவுநீர் ஆய்வு அங்கே வேரூன்றியது. அக்கழகத்தைச் சேர்ந்த எஸ். சி. பிள்ளை, வி. சுப்பிரமணியன் ஆகியோர் 1942-ல் ‘நேச்சர்’ இதழில், கழிவுநீர் தூய்மையடைவதில் புரோட்டோசோவாக்களுக்குப் பெரும்பங்கு உண்டு என வலியுறுத்தினர். கரைந்த மாசைச் சிதைப்பது முதன்மையாகப் பாக்டீரியாக்களே எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. எனினும் திரளில் சேராமல் மிதக்கும் பாக்டீரியாக்களைக் குற்றிழை கொண்ட புரோட்டோசோவாக்கள் மேய்ந்து தீர்க்காவிட்டால் வெளியேறும் நீர் கலங்கலாகவே இருக்கும் என்பது 1960-களில் இங்கிலாந்தில் நடந்த சோதனைகளில் உறுதியாயிற்று. இரையும் இரைகொல்லியும் சேர்ந்தே நீரைத் தெளியவைக்கின்றன.

நைட்ரஜனின் பாதையில் பலர்

வேலைப் பகிர்வு மிகத் தெளிவாகப் புலப்படுவது நைட்ரஜன் நீக்கத்தில். சிறுநீரிலிருந்தும் புரதத்திலிருந்தும் வரும் அம்மோனியா மீன்களுக்கு நஞ்சு. ஏரிகளில் சேர்ந்தால் பாசி பெருகக் காரணமாவது. ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் நைட்ரேட்டாக்கம் செய்யும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, அவ்வினை இரண்டு படிகளில் இரண்டு வகை உயிர்களால் நிகழ்வதைக் காட்டினார். முதல் வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதன் கழிவான நைட்ரைட்டே இரண்டாம் வகைக்கு உணவாகி நைட்ரேட்டாகிறது. இவ்விரு வகைகளும் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் ஆக்சிஜனோடு சேர்த்து ஆற்றல் பெற்று, கார்பன் டை ஆக்சைடிலிருந்து உடலைக் கட்டிக்கொள்பவை. கிடைக்கும் ஆற்றல் சொற்பமாதலால், குடல் பாக்டீரியாவான ஈ. கோலை உகந்த சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும்போது, இவற்றுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகிறது. கசடு வயது குறைந்தால் முதலில் சமூகத்தை விட்டு மறைபவை இவையே.

நைட்ரேட்டாக்கம் நைட்ரஜனின் வடிவத்தை மாற்றுகிறதே தவிர, நீரிலிருந்து அதை அகற்றுவதில்லை. அகற்றுவது மற்றொரு கூட்டத்தின் வேலை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அதற்கு ஈடாக நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள், கரிமப் பொருளை உண்டு நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்குத் திருப்பி அனுப்புகின்றன. முதற்கூட்டத்துக்குக் காற்று வேண்டும். இரண்டாம் கூட்டத்துக்குக் காற்று கூடாது, உணவு வேண்டும். எனவேதான் நவீன நிலையங்களில் காற்றூட்டிய பகுதியும் காற்றூட்டாத பகுதியும் மாறி மாறி அமைக்கப்பட்டு, அவற்றுக்கிடையே கசடு சுழன்றுகொண்டிருக்கிறது.

பல பத்தாண்டுகள் முழுமையானது எனக் கருதப்பட்ட இச்சித்திரத்தை இரு கண்டுபிடிப்புகள் திருத்தின. அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஆக்சிஜன் இன்றியே நேரடியாக வினைபுரிந்து நைட்ரஜன் வாயுவாக மாறுவதற்கு வெப்ப இயக்கவியல் இடந்தருகிறது என்றும், அவ்வினையால் வாழும் உயிர் எங்கோ இருக்கவேண்டும் என்றும் ஆஸ்திரிய அறிவியலாளர் எங்கல்பெர்ட் பிரோடா 1977-ல் கணித்தார். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஓர் ஈஸ்ட் ஆலையின் கழிவுநீர்ச் சோதனைக் கலனில் காற்றில்லாமலே அம்மோனியா மறைந்துகொண்டிருந்ததைக் கவனித்தவர்கள் 1995-ல் அதனை வெளியிட, அவ்வுயிர் இருப்பது உறுதியாயிற்று. அனமாக்ஸ் எனப்படும் இப்பாக்டீரியா இரட்டிக்க ஏறத்தாழ 11 நாட்கள் ஆகும்; தனி வளர்ப்பாகப் பிரிக்க மேற்கொண்ட முயற்சிகளுக்கு அது இணங்காததால், அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு அதன் செல்களைக் கூட்டத்திலிருந்து பிரித்தே 1999-ல் அதன் அடையாளம் கண்டறியப்பட்டது. இதனைப் பயன்படுத்தும் நிலையங்களில் உள்ள சிறு குருணைகளின் வெளியடுக்கில் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, உள்ளடுக்கிலுள்ள அனமாக்ஸுக்கு நஞ்சான ஆக்சிஜன் எட்டாமல் தடுத்து, வேண்டிய நைட்ரைட்டையும் தருகின்றன. இக்கூட்டுறவால் வழக்கமான முறையைவிட ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ 60 விழுக்காடு குறைகிறது. நைட்ரஜனை அகற்றக் கரிமப் பொருளும் தேவைப்படுவதில்லை. ரோட்டர்டாமில் 2002-ல் தொடங்கிய முதல் முழு அளவு அனமாக்ஸ் கலன் முழுத் திறனை எட்ட மூன்றரை ஆண்டுகள் ஆயின என்பது, மெதுவாக வளரும் உயிர்களோடு பணிபுரிய எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதைச் சொல்லும். இரண்டாவது கண்டுபிடிப்பு 2015-ல் வெளிவந்தது: அம்மோனியாவை நைட்ரேட்வரை இரு படிகளையும் தனித்தே முடிக்கவல்ல நைட்ரோஸ்பைரா இனங்களை இரு ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவித்தன. வினோகிராட்ஸ்கி காலம் முதல் கண்முன்னே இருந்த சமூகத்தில் நூறாண்டுக்கு மேலாக அடையாளம் காணப்படாத உறுப்பினர்கள் இருந்திருக்கின்றனர்.

வளர்ப்புத் தட்டு காட்டிய தவறான வழி

பாஸ்பரஸ் நீக்கத்தின் வரலாறு இதே பாடத்தை வேறுவிதமாக உணர்த்துகிறது. செயலூட்டப்பட்ட கசடு தன் வளர்ச்சித் தேவைக்கு மிஞ்சிப் பாஸ்பேட்டை உறிஞ்சக்கூடும் என 1959-ல் முதன்முதலில் அறிவித்தவர்களுள் ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை ஆகிய பெங்களூர் ஆய்வாளர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். தென்னாப்பிரிக்காவில் 1970-களில் ஜேம்ஸ் பர்னார்டு, கசட்டை முதலில் காற்றில்லாப் பகுதியிலும் பின்னர் காற்றுள்ள பகுதியிலும் செலுத்தினால் இது நம்பகமாக நிகழும் எனக் காட்டினார். காற்றில்லாதபோது சில பாக்டீரியாக்கள் தம்முள் சேமித்த பாஸ்பேட் சங்கிலியை உடைத்து, அதிலிருந்து வரும் ஆற்றலால் கரிம அமிலங்களை உறிஞ்சிச் சேமிக்கின்றன. காற்று கிடைத்ததும் அச்சேமிப்பை எரித்து, முன்பு வெளியிட்டதைவிட மிகுதியான பாஸ்பேட்டை உள்ளிழுக்கின்றன. அக்கசட்டை அகற்றும்போது பாஸ்பரசும் நீரை விட்டு நீங்குகிறது.

இவ்வேலையைச் செய்வது எது என்னும் கேள்விக்கு, வளர்ப்புத் தட்டுகளில் எளிதாக முளைத்த அசினிடோபாக்டர் என்னும் பாக்டீரியாவே விடையாகப் பல ஆண்டுகள் சொல்லப்பட்டது. ஒவ்வோர் இனத்தின் மரபுப்பொருளிலும் உள்ள தனி வரிசையை அடையாளம் கண்டு ஒளிரச்செய்யும் முறை 1990-களில் கைகூடியபோது, கசட்டில் அசினிடோபாக்டர் சிறுபான்மையே என்றும், பெரும்பங்கு ஆற்றுவது வளர்ப்புத் தட்டில் முளைக்கவே மறுக்கும் மற்றொரு பாக்டீரியா என்றும் தெரியவந்தது. அக்குமுலிபாக்டர் எனப் பெயரிடப்பட்ட அதன் வாழ்க்கை இன்று நன்கறியப்பட்டிருப்பதற்குக் காரணம், சமூகத்திலிருந்து நேரடியாகப் பிரித்த டி.என்.ஏ முழுவதையும் வாசித்து உறுப்பினர்களின் மரபுத்தொகுதிகளை மீட்டெடுக்கும் மெட்டாஜீனோமிக்ஸ் என்னும் முறையே.

காற்றில்லாக் கலனின் தொடர்சங்கிலி

காற்றுப் புகாத கலனில் கரிமக் கழிவு மீத்தேனாக மாறுவது நான்கு படிகளில் நிகழ்கிறது. முதற்படியில் மாவுப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவை கரையும் மூலக்கூறுகளாக உடைபடுகின்றன. இரண்டாம் படியில் அவை நொதித்துக் கரிம அமிலங்களாகவும் ஆல்கஹால்களாகவும் மாறுகின்றன. மூன்றாம் படியில் அவற்றிலிருந்து அசிட்டிக் அமிலமும் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகின்றன. இறுதிப் படியில், பாக்டீரியாக்களிலிருந்து வேறுபட்ட ஆர்க்கியா என்னும் உயிர்ப்பிரிவைச் சேர்ந்தவை இவற்றை மீத்தேனாக்குகின்றன.

மூன்றாம், நான்காம் படிகளுக்கிடையே உள்ள உறவு உயிரியலில் மிக நுட்பமான ஒன்று. எத்தனாலை மீத்தேனாக்கும் தனி உயிர் எனப் பல ஆண்டுகள் நம்பப்பட்ட ‘மெத்தனோபாசிலஸ் ஓமெலியான்ஸ்கி’ உண்மையில் இரண்டு உயிர்களின் கூட்டு என்பதை மார்வின் பிரையண்ட் குழுவினர் 1967-ல் நிறுவினர். ஒன்று எத்தனாலைச் சிதைத்து ஹைட்ரஜனை வெளியிடுகிறது. ஆனால் சுற்றிலும் ஹைட்ரஜன் சேர்ந்துவிட்டால் அவ்வினையிலிருந்து அதற்கு ஆற்றல் கிடைக்காது. மற்றொன்று அந்த ஹைட்ரஜனை உடனுக்குடன் உண்டு மீத்தேனாக்கி, அதன் அளவை மிகக் குறைவாகவே வைத்திருக்கிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று வாழ இயலாத இவ்வுறவே கூட்டுணவு வாழ்வு எனப்படுகிறது. கலனில் ஒரே நேரத்தில் மிகுதியான கழிவைக் கொட்டினால், விரைந்து வளரும் அமில உற்பத்தியாளர்கள் முந்திக்கொள்ள, மெதுவாக வளரும் மீத்தேன் உற்பத்தியாளர்கள் பின்தங்குகின்றனர். சேரும் அமிலத்தால் கலன் புளித்து எரிவாயு நின்றுபோகிறது. புளித்த கலனுக்கு ஊட்டத்தைக் குறைத்து, அமிலத்தைச் சமன்செய்து, பின்தங்கியவர்கள் பெருகக் காலம் அளிப்பதே மருந்து.

நெதர்லாந்தின் வாகனிங்கனில் காட்ஸே லெட்டிங்கா 1970-களில் உருவாக்கிய மேல்நோக்கு ஓட்டக் கலன் இவ்வுறவை நன்கு பயன்படுத்துகிறது. கீழிருந்து மேலாகக் கழிவுநீர் செல்லும்போது, கனமற்றவை அடித்துச் செல்லப்பட, ஒட்டிக்கொள்ளும் உயிர்கள் சில மில்லிமீட்டர் அளவுள்ள குருணைகளாகத் திரண்டு அடியில் தங்குகின்றன; ஹைட்ரஜனைத் தருபவரும் பெறுபவரும் அக்குருணைக்குள் அடுத்தடுத்து இருப்பதால் கைமாற்றம் விரைவாகிறது. வெப்ப நாடுகளுக்கு ஏற்ற இம்முறை 1980-களின் இறுதியில் கான்பூரில் நகரக் கழிவுநீருக்குச் சோதிக்கப்பட்டது. சேலம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகள் மாவுக் கழிவுநீரைக் காற்றில்லாக் கலன்களில் எரிவாயுவாக்குவதும், சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, பெருங்குடி நிலையங்களில் கசட்டின் எரிவாயுவால் மின்சாரம் பெறப்படுவதும் இதே நுண்ணுயிர்ச் சங்கிலியின் உழைப்பால்தான்.

நச்சுச் சிதைவும் தனி வீரனும்

உலோக உறுப்புகளின் எண்ணெய்ப்பசையை நீக்கவும் துணிகளை உலர்சலவை செய்யவும் பயன்பட்ட குளோரின் கொண்ட கரைப்பான்கள் பல நாடுகளின் நிலத்தடிநீரைக் கெடுத்துள்ளன. இவற்றின் குளோரினை முழுவதும் நீக்கித் தீங்கற்ற எத்திலீனாக்கும் டிஹலோகோகாய்டிஸ் என்னும் பாக்டீரியாவை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-ல் அறிவித்தனர். இத்திறனுடைய இந்தப் பாக்டீரியாவும் தன்னந்தனியே வாழ இயலாதது: அதற்கு வேண்டிய ஹைட்ரஜனையும் அசிட்டேட்டையும் நொதிக்கும் பாக்டீரியாக்கள் தருகின்றன, குளோரினை நீக்கும் நொதிகளுக்கு இன்றியமையாத வைட்டமின் பி12-ஐ அது தானே உருவாக்க முடியாமல் அண்டை உயிர்களிடமிருந்து பெறுகிறது. தக்க சமூகம் இல்லாத இடத்தில் சிதைவு பாதிவழியில் நின்று, புற்றுநோய் விளைவிக்கும் வினைல் குளோரைடு தேங்கிவிடும். எனவே களப்பணியில் நிலத்துக்குள் செலுத்தப்படுவது இப்பாக்டீரியாவைத் தாங்கிய கலப்புச் சமூகமும் அச்சமூகத்துக்கான உணவுமே.

எண்ணெய்க் கசிவின் வரலாறும் இதையே உறுதிசெய்கிறது. இந்தியாவில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, எண்ணெயின் வெவ்வேறு கூறுகளைச் சிதைக்கும் மரபுத்துண்டுகளை ஒரே சூடோமோனாஸ் பாக்டீரியாவில் சேர்த்து, அதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1980 தீர்ப்பால் காப்புரிமை பெற வழிகண்டார். உயிர்களுக்கான காப்புரிமைச் சட்டத்தை மாற்றிய அந்தப் பாக்டீரியா கடல் எண்ணெயைச் சுத்தம் செய்யப் பயன்படுத்தப்படவில்லை. 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து சுமார் 4 கோடி லிட்டர் எண்ணெய் கசிந்தபோது, கரையில் ஏற்கெனவே வாழ்ந்த நுண்ணுயிர்களுக்குக் குறைவாக இருந்த நைட்ரஜனும் பாஸ்பரசும் உரமாகத் தெளிக்கப்பட, அவை எண்ணெயைச் சிதைக்கும் வேகம் கூடியது. 2010-ல் மெக்சிகோ வளைகுடாவின் ஆழ்கடலில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது, அலிபாட்டிக் என்னும் சங்கிலிக் கூறுகளை உண்ணும் பாக்டீரியாக்கள் முதலிலும், வளைய அமைப்புடைய கூறுகளை உண்பவை அடுத்தும் பெருகி, ஒன்றன்பின் ஒன்றாகச் சமூகம் மாறிவந்தது. நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவையான எண்ணெயைச் சிதைக்க அதேபோல் பலவகைப்பட்ட உயிர்க்கூட்டமே வேண்டியிருக்கிறது.

சமூகத்தைப் பேணும் பொறுப்பு

உலகின் 23 நாடுகளில் 269 கழிவுநீர் நிலையங்களிலிருந்து எடுத்த ஏறத்தாழ 1,200 மாதிரிகளை ஆராய்ந்து 2019-ல் வெளியான கூட்டாய்வு, செயலூட்டப்பட்ட கசடுகளில் உலகளவில் சுமார் நூறு கோடி பாக்டீரியா வகைகள் இருக்கக்கூடும் எனவும், பரவலாக எங்கும் காணப்படும் மையக்குழுவில் 28 வகைகளே உள்ளன எனவும் மதிப்பிட்டது. இவ்வளவு பன்மை வீண் அல்ல. ஒரே வேலையைப் பல இனங்கள் செய்யவல்லனவாக இருப்பதால், வெப்பநிலை மாறினாலும் ஒரு நஞ்சு வந்து சில இனங்களை அழித்தாலும் எஞ்சியவை அவ்வேலையைத் தொடர்கின்றன. நைட்ரேட்டாக்கம் போன்ற சில வேலைகளைச் செய்பவை மட்டும் மிகச் சிலவாதலால், உலோக நச்சோ ஆலைகளின் கள்ளக் கழிவோ சாக்கடையில் கலக்கும்போது முதலில் குலைவது அவ்வேலைகளே.

இதிலிருந்து விளையும் நடைமுறைப் பாடம் தெளிவானது. சந்தையில் பொட்டலமாக விற்கப்படும் பாக்டீரியாப் பொடிகளைத் தொட்டியில் கொட்டுவதைவிட, காற்றூட்டலைத் தடையின்றி வைத்திருப்பதும், கசடு வயதை அளந்து காப்பதும், ஊட்டத்தைச் சீராக அனுப்புவதும், ஆலைகளின் நச்சுக்கழிவு நகரச் சாக்கடையில் கலக்காமல் தடுப்பதும் பெரும்பயன் தருபவை. சில நாள் காற்று நின்றுபோன நிலையத்தில் கட்டடமும் இயந்திரங்களும் பழுதின்றி நிற்கலாம்; ஆனால் பல வாரங்கள் உழைத்து உருவான சமூகம் அதற்குள் சிதைந்திருக்கும், அதைப் பணம் கொடுத்து மறுநாளே வாங்கிவிட முடியாது. சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டிமுடித்துத் திறந்துவைப்பதோடு கடமை முடிந்ததாகக் கருதும் நகராட்சி, உயிருள்ள பகுதியை மறந்து உயிரற்ற பகுதிக்கு மட்டுமே செலவு செய்திருக்கிறது. மின்சாரத்துக்கும், கசட்டை நாள்தோறும் சோதிக்கும் ஆய்வகத்துக்கும், நுண்ணோக்கியில் அதைப் பார்த்துப் பொருள்கொள்ளத் தெரிந்த பணியாளருக்கும் ஒதுக்கப்படும் நிதியே ஆற்றில் சேரும் நீரின் தரத்தை முடிவுசெய்கிறது.